பர்வீன் டீச்சரின் வாய்ப்பூட்டு

பர்வீன் டீச்சருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. காலை ஆறு மணிக்கு வாணியம்பாடியில் பஸ் ஏறி, ஆலங்காயத்தில் மாறி, மலை மேல் இருக்கும் எங்கள் பள்ளிக்கு வந்து சேரும்வரை அவருடைய வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து தூங்கப் பார்க்கும் எனக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். பத்தாம் வகுப்புக்கு அவர் கணக்கு, நான் தமிழ். ஆறு வருடமாக இதே பஸ், இதே ஆட்டம்.

அவருடைய அப்பா அப்துல் கய்யூமுக்குத் தோல் மண்டியில் வேலை. ஐந்து பிள்ளைகளில் டீச்சர்தான் மூத்தவர். தம்பி தங்கைகள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. வகுப்பிலும் அப்படித்தான். கேள்வி கேட்பார், பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். எந்தக் கணக்கானாலும் பலகையில் முழுசாகப் போட்டுக் கொடுப்பார். பிள்ளைகள் எழுதினார்கள், மனப்பாடம் செய்தார்கள், தேறினார்கள். போன அரையாண்டுத் தேர்வு வரைக்கும் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அந்தத் தேர்வில் ஒரு தேற்றத்தை நிறுவச் சொல்லியிருந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் திடீரென்று எழுந்து நின்றுவிட்டார். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் தேற்றத்தின் நடுவில், "பஸ் வந்துடுச்சி, மீதி நாளைக்கு" என்று எழுதியிருந்தார்கள். என்றைக்கோ சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அவர் சொன்னது. பிள்ளைகள் அதையும் சேர்த்து எழுதி, நெட்டுரு போட்டு, அச்சு மாறாமல் ஒப்பித்திருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை.

"நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன் பார்த்தீங்களா சார்? நாளைக்கு நான் இல்லாங்காட்டி இதுங்களுக்கு ஒரு வரி தெரியாது" என்றார்.

ஜனவரியிலிருந்து நோட்ஸ் கிடையாது என்று அறிவித்துவிட்டார். மூன்று மூன்று பேராக உட்கார்ந்து புத்தகத்தைத் தாங்களே படிக்க வேண்டும். புரியாத இடத்தைக் கேள்வியாக எழுத வேண்டும். அதற்குப் பக்கத்துக் குழு பதில் தேட வேண்டும். டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பின்பெஞ்சில் உட்காருவார், எழுவார், ஜன்னலுக்குப் போவார், சாக்பீஸை ஒடித்து ஒடித்துப் பொடியாக்குவார். "பலகையில போட்டுக் குடுங்க மிஸ்" என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். "பரீட்சைக்கு மூணு மாசம்கூட இல்ல, இப்பப் போயி இன்னா மேடம் விளையாட்டு?" என்று தலைமையாசிரியர் கடிந்துகொண்டார். உண்மையைச் சொன்னால் நானும் அதையேதான் நினைத்தேன்.

பிப்ரவரி கடைசியில் புளி பழுத்தது. புளி உலுக்கும் பருவத்தில் எங்கள் வகுப்புகளில் பாதி இடம் காலியாகிவிடும். வீட்டில் இருக்கிற அத்தனை கைகளும் மரத்தடியில் வேண்டும். பத்தாம் வகுப்பு சசிகலாவின் அப்பா கோவிந்தன் பள்ளிக்கே வந்து சொன்னார்.

"மூணு வாரம் பொண்ணு வராதுங்க. பரீட்சைக்கு அனுப்பிட்றேன். தேறலைன்னா படிப்ப நிறுத்திட்டு அவ சித்தியோட திருப்பூருக்கு அனுப்பலாம்னு இருக்கேன்."

கணக்கில் தட்டுத்தடுமாறி முப்பத்தைந்து வாங்குகிற பெண் சசிகலா. மூன்று வாரம் சொல்லித் தர ஆளில்லாவிட்டால் அவள் படிப்பு அதோடு முடிந்தது என்று டீச்சர் பதறினார். அவள் ஊரில் செல்போன் சிக்னலும் கிடையாது. பஸ்ஸில் இப்போது இரண்டு காலும் ஆடின.

பத்தாவது நாள் தன் விதியைத் தானே உடைத்தார். முக்கியமான கணக்குகளையெல்லாம் விடையோடு நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. "ஒரு ஞாயிறாவது மனுஷனைத் தூங்க விடுங்களேன்" என்று நான் புலம்பியது அவர் காதில் ஏறவில்லை.

சசிகலா மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கெங்கம்மாள் கோணிப்பையை உதறி விரித்து எங்களை உட்காரச் சொன்னார். டீச்சர் உட்காரவில்லை.

"படிக்கிறியா கண்ணு?"

"தெனமும் மத்தியானம் ஒரு மணி நேரம் அம்மா உட்டுடுவாங்க மிஸ்" என்று நோட்டை எடுத்துவந்து காட்டினாள். ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது என்று ஆறு ஆறாகக் கூடி இருநூற்று ஐந்து வரை போகும் வரிசையில் எத்தனை எண்கள் இருக்கும் என்பது கணக்கு. இருநூற்று ஐந்தில் ஏழைக் கழித்து, ஆறால் வகுத்து, முப்பத்து மூன்று என்று போட்டிருந்தாள். தமிழ் வாத்தியாரான எனக்குச் சரியாகத்தான் பட்டது. டீச்சர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் தப்பு என்று தெரிந்துகொண்டேன்.

"தப்பா மிஸ்? எங்க?"

டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். நாற்பது பக்கக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி பாரு கண்ணு" என்று மட்டும் சொன்னார். சசிகலாவின் முகம் சுருங்கிவிட்டது. டீச்சர் கட்டைக் கெங்கம்மாளிடம் கொடுத்து, "அவளா போட்டு முடிச்ச அப்பால குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

வழியெல்லாம் ஒரே புலம்பல். "அழுவுற மாதிரி இருந்துச்சே சார். ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும்? திரும்பிப் போயிடலாமா?" இரண்டு முறை திரும்பினார். இரண்டு முறையும் நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த நான்கு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் ராஜாக்கண்ணு ஒரு மடித்த காகிதத்தை நீட்டினார். "கோவிந்தன் பொண்ணு குடுக்கச் சொல்லுச்சிங்க" என்றார். டீச்சர் வாங்கினார், பிரிக்கவில்லை. என்னிடம் தள்ளிவிட்டு, "நீங்களே படிங்க சார்" என்றார். படித்தேன்.

"மிஸ், மூணு நாளா எங்க தப்புன்னு தெரியல. அழுகை வந்தது. உங்க மேல கோபமும் வந்தது. நேத்து அப்பா எங்க நிலத்து ஓரமா வரிசையா இருக்கிற மரங்களை எண்ணச் சொன்னார். பத்து மரம். ஆனா நடுவுல ஒன்பது இடைவெளிதான். நான் மரத்தை விட்டுட்டு இடைவெளியை எண்ணியிருக்கேன் மிஸ். விடை முப்பத்து நாலு."

டீச்சர் பஸ் என்றும் பாராமல் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷம் தாங்காத அழுகை. காகிதத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதையும் படித்தேன்.

"அப்புறம்தான் உங்க கட்டைப் பிரிச்சேன். அதுல பன்னிரண்டாம் கணக்கு தப்பு மிஸ். எங்கன்னு சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க."