கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?

அவசர சிகிச்சைப் பிரிவின் ஸ்கேன் அறையில் அவருக்குப் பத்தொன்பது வருஷ வேலை. எல்லோருக்கும் அவர் ‘ஸ்கேன் அண்ணா’. "ஊரார் மண்டைக்குள்ள எல்லாம் எட்டிப் பாக்கறீங்க, சர்க்கரை டப்பா காலியானது மட்டும் கண்ணுல படாது" என்று மனைவி கேலி செய்வாள்.

கை விழுந்து, வாய் கோணி யார் வந்தாலும் டாக்டர்கள் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்றுதான். மூளையில் ரத்தக் கசிவு இல்லையென்று படம் காட்டினால், அடைப்பைக் கரைக்கும் ஊசி போடலாம். ஆனால் அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள். பதில் தெரியாமல் விழிக்கும் உறவினர்கள் மேல் அவருக்கு எரிச்சல் வரும்.

அன்று பதினொன்றரை மணிக்கு ஸ்ட்ரெச்சரில் வந்தவள் அவருடைய மனைவி. கதவு திறக்காததால் ஜன்னல் வழியே பார்த்ததாகவும், கட்டிலுக்குக் கீழே கிடந்ததாகவும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அழுதபடி சொன்னாள்.

வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. மனைவியின் தோட்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டார். தலையை நேராக வைத்துப் பட்டை கட்டினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பட்டனை அழுத்தினார். கசிவு இல்லை.

டாக்டர் பெண் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?"

முந்தின நாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வாய்த்தகராறு. இன்று காலை ஆறு மணிக்கு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வீம்பில் எழுப்பாமல் கிளம்பிவிட்டார்.

எட்டு மணிக்குப் போனில் பேசினேன் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் ஊசி போடுவார்கள். ஆனால் திரையில் மூளையின் இடது பக்கம் ஏற்கெனவே கருக்கத் தொடங்கியிருந்தது. அடைப்பு விழுந்து பல மணி நேரம் ஆனால்தான் அப்படிக் கருக்கும். இனி ஊசி போட்டால் ரத்தம் கசிந்து உயிரே போகலாம். அவருக்கு அது தெரியும்.

"தெரியல டாக்டர். காலையில நான் அவ முகத்தைப் பாக்கல."

உயிர் பிழைத்தாள். வலது கையும் காலும் திரும்பவில்லை, பேச்சும் வரவில்லை. அவர் பாதி நாள் வேலைக்கு மாறிக்கொண்டார். ஊட்டிவிட்டார், கோணல்மாணலாகத் தலை பின்னிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம், "அன்னைக்கு உன்னை எழுப்பியிருக்கணும்" என்றார்.

அவள் வெகுநேரம் அவரையே பார்த்தாள். அது கோபமா, மன்னிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவர் சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். இடது கையை நீட்டி அதைச் சரிசெய்யப் பார்த்தாள். முடியவில்லை. அவர் குனிந்தபடியே இருந்தார்.