கையைத் தொடைக்கு அடியில் வை

பெரிய காஞ்சிபுரத்தில் எங்க தெரு அங்கன்வாடிக்கு வடிவுதான் டீச்சர். பிள்ளைங்க முன்னாடி விளையாட்டுச் சாமானைப் போட்டுட்டு, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வெச்சுக்கினு உட்கார்ந்துடும் அந்தம்மா. கேட்டா, "வெளிய இருந்தா கை போய் உதவி பண்ணிடும் அண்ணே. அப்புறம் புள்ளைக்கு என்ன மிச்சம்?" என்னும்.

நான் காசிநாதன். தறிக்கு மரவேலை செய்யற தச்சன். வடிவு என்கிட்ட பிள்ளைங்களுக்குப் பலகை ஒண்ணு கேட்டுது. அதில் வட்டம், சதுரம், முக்கோணம்னு பள்ளம். அந்தந்தப் பள்ளத்தில் உட்கார்ற கட்டை, பிடிக்கிறதுக்கு மேலே ஒரு குமிழ்.

"தறி நாடா மாதிரி, படகாட்டம் நீளமாவும் ஒண்ணு வெட்டுங்க. நூலோட அது தறியில குறுக்க ஓடுறதைப் புள்ளைங்க தெனமும் பாக்குதுங்களே."

தறிக்குச் செய்யற மாதிரியே இம்மி ஆட்டம் இல்லாம செஞ்சு குடுத்தேன். சிம்ரன்னு ரெண்டரை வயசுக் குட்டி, வட்டத்தை வெச்சு அழுத்துச்சு. இறங்கல. தூக்கி என் முழங்கால்லயே அடிச்சுது.

"சுத்தியலும் சேத்துக் குடுத்துடுங்கண்ணே, அப்பதான் உள்ள போகும்," வடிவு சிரிச்சுது.

பலகையை எடுத்துக்கினு வந்து, ஓரமெல்லாம் தேய்ச்சேன்.

அந்தக் குட்டிக்காகத்தான் அந்தம்மா பலகை கேட்டு என்னை விரட்டினதே. ஒரு பிளே ஸ்கூல்ல, "உட்கார மாட்டேங்குது, எல்லாத்தையும் வீசுது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதோட அம்மா ஜீவிதா தறி வீடுகளுக்கு இழை பிணைக்கப் போறவ. இங்கேயும் சரிப்படலைன்னா வாலாஜாபாத்தில் தன் தாய் வீட்டில் விட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டா. தாய் ஒரு ஊர், பிள்ளை ஒரு ஊர்.

தேய்ச்ச பலகையோட நான் திரும்பப் போன அன்னைக்கு, ஜீவிதா பஸ்ஸுக்குக் கிளம்பி துணிப் பையோட வந்து நிக்கறா.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் டீச்சர்."

"செத்த நேரம் உக்காந்து பாரும்மா."

"என்னத்தப் பாக்கறது? வீட்லயும் இதே கூத்துதான். நான் எடுத்து வெச்சுக் காட்டறேன், இவ வீசறா."

"நீ ஏன் எடுத்து வெக்கற?"

ஜீவிதா உட்கார்ந்தா. சிம்ரன் நாடாக் கட்டையைக் குறுக்கால வெச்சு இடிச்சுது. போகல. ஜீவிதா கை தானா நீண்டுது. அறுந்த இழையைக் கண்டா சும்மா இருக்காத கை ஆச்சே! வடிவு அதைப் பிடிச்சு அவ தொடைக்கு அடியிலேயே சொருகிச்சு.

"உங்களுக்கும்தான் அண்ணே!"

கையைப் பூட்டிக்கினு மூணு தடிமாடுங்க உட்கார்ந்திருந்தோம். யாராவது பார்த்தா சிரிப்பாங்க.

சிம்ரன் அம்மாவைப் பார்த்துது. அம்மா கை வரல. கட்டையை ஓங்கிச்சு. நான் முழங்காலை இழுத்துக்கினேன். வீசல. திரும்ப வெச்சுது. மூக்கை உறிஞ்சிக்கினு மெல்லத் திருப்புச்சு. இன்னும் கொஞ்சம்.

டொக்.

"உள்ள போச்சு!"ன்னு சிம்ரன் போட்ட சத்தத்தில் தூங்கிக்கினு இருந்த பிள்ளைங்கெல்லாம் எழுந்துடுச்சுங்க. குட்டி அதை எடுத்துது, மறுபடி போட்டுது. முக்கோணத்தை அம்மா கையில் திணிச்சுது. கண்ணெல்லாம் தண்ணி ஜீவிதாவுக்கு, சதுரத்தில் வெச்சுட்டா.

"தப்பு! அம்மா தப்பு!"

ஜீவிதா மூஞ்சியைத் துடைச்சுக்கினு கேட்டா: "டீச்சர், இந்தப் பையை எங்க மாட்டறது?"

"ஆணி அதோ."

இப்ப புதுசா ஏதாவது பிள்ளை கட்டையோட மல்லுக்கட்டினா, சிம்ரன் பக்கத்தில் போய், கையைத் தொடைக்கு அடியில் வெச்சுக்கினு உட்காருது. பெரியவங்க யாராவது கை நீட்டினா, "கை!"ன்னு அதட்டுது.

நேத்து என்னை அதட்டுச்சு. நீட்டின கையை எடுத்துக்கினேன்.