பதிமூன்று கண் பாலத்தின் மேலே

தென்மலைக்குப் போகும் ரயில் பாதையில் உள்ள பதிமூன்று கண் பாலத்தைக் கீழே சாலையிலிருந்து எத்தனையோ தடவை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். மேலிருந்து கீழே பார்க்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பே இருந்த ஆசை. மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில் வாய்க்கவில்லை. பிறகு அகலப் பாதை போடுகிறோம் என்று வருஷக்கணக்கில் வண்டியையே நிறுத்திவிட்டார்கள். பழைய பாலத்தைப் பலப்படுத்தி மறுபடி ரயில் விட்ட பிறகோ, ஜவுளிக்கடையைப் பூட்ட என் கணவருக்கு மனசு வரவில்லை. போன வருஷம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலில் ரயில் ஏறினோம். அவர், என் மதினியான அவருடைய அக்கா, நான்.

பயணம் என்றால் எங்கள் வீட்டில் முதலில் தயாராவது சாப்பாட்டுப் பைதான். பொடி தடவிய இட்லி, புளியோதரை, துவையல், வாழை இலை. ஜன்னலோரம் எனக்கு என்று ஏறும்போதே சொல்லிவிட்டேன். செங்கோட்டை தாண்டி, நீளமான குகைக்குள் புகுந்து, ஆரியங்காவில் வெளிச்சத்துக்கு வந்ததும் மதினி என் தோளைத் தொட்டார்.

"ஏட்டி, சுகர் மாத்திரை போட்டுட்டேன். கொஞ்சம் எடுத்து வையி."

வைத்தேன். அக்காவுக்கு வைத்துவிட்டுத் தம்பிக்கு வைக்காமல் முடியுமா? எதிர் சீட்டுக்காரர்களைப் பார்க்க வைத்துச் சாப்பிடவும் நமக்கு வராது. அவர்களுக்கும் இட்லி. நான் குனிந்து துவையல் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தபோது பெட்டியே 'பாலம், பாலம்' என்றது. நிமிர்வதற்குள் வெறும் மரங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம். தென்மலையில் இறங்கி அணையைச் சுற்றியபோது நான் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை.

பிற்பகல், திரும்பும் வண்டியில் அவர் பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்காவுக்கு நான் எடுத்து வைக்கேன். நீ அங்கன பாரு."

"இலையில தண்ணி தெளிச்சுட்டு..."

"எனக்குத் தெரியும். திரும்பாத."

"ஏலே, சிந்துத," என்றார் மதினி. திரும்பப் போன கழுத்தை நானே பிடித்து நிறுத்திக்கொண்டேன். பாலம் வந்தது. அடியில் ஓடை, அதை ஒட்டிச் சாலை. வேனை ஓரங்கட்டிவிட்டு ஒரு குடும்பம் எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்போது என் உள்ளங்கையில் ஏதோ பட்டது. ஒரு துண்டு இலையில் புளியோதரை. இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் சோறு எடுத்து வைத்தது அன்றுதான். ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டேன். துவையல் வைக்க மறந்துவிட்டார். நான் கேட்கவில்லை.