வண்ணமீன் கடையின் தேர்வுக் குழு

வண்ணமீன் கடை வைத்தவர்களுக்கு மட்டும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு: மீன் கடிக்காது, மீன் வளர்ப்பவர்கள்தான் கடிப்பார்கள்.

அம்பத்தூரில் கடை திறந்த புதிதில் வாசலில் ஒரு பெஞ்சு போட்டேன். வாங்க வருபவர்கள் உட்காரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். உட்கார்ந்தவர்கள் வேறு. ஞாயிறு காலையானால் டிஸ்கஸ் தாமோதரன் சார் தன் சகாக்களோடு வந்துவிடுவார். டிஸ்கஸ் என்பது தட்டு மாதிரி வட்டமான, விலை உயர்ந்த மீன். அதை வளர்ப்பவர்களுக்குக் கால் தரையில் பாவாது. என் கடை ஓடுவதே புதிதாக மீன் வளர்க்க வருபவர்களை நம்பி. அந்தப் புதியவர்களை விரட்டுவதுதான் இவர்களுக்குப் பொழுதுபோக்கு. கடை வைத்து அவதிப்பட்ட சகோதரர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நுழைவுத் தேர்வு

பக்கத்து அடுக்குமாடியில் குடிவந்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். ஒரு கண்ணாடிக் கிண்ணம், இரண்டு கோல்டு ஃபிஷ், அவ்வளவுதான் கேட்டார். நான் வலையை எடுப்பதற்குள் பெஞ்சிலிருந்து தாமோதரன் சார் ஆரம்பித்தார்: "மீன் விடாம எத்தினி வாரம் தொட்டிய ஓட விட்டீங்க?" புதுத் தொட்டியில் சில வாரம் மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் பக்குவமான பிறகுதான் மீன் விடவேண்டும் என்பது கணக்கு. கிண்ணத்தில் மீன் வளர்ப்பவர்களை ஜெயிலில் போடவேண்டும் என்றார் பக்கத்தில் இருந்தவர். அவர்கள் சொன்ன விஷயம் தப்பில்லை, சொன்ன விதம்தான். குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிய அப்பா திரும்பிச் சொன்னார்: "ரெண்டு மீனுதானய்யா கேட்டேன், உங்க வீட்டுப் பொண்ணையா கேட்டேன்?"

பழைய பதிவுகள்

இவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவும் நடத்தினார்கள். மாங்காட்டிலிருந்து வரும் ஒரு டீச்சரம்மாவை நான்தான் அதில் சேர்த்துவிட்டேன். ஒருநாள் அவர், "மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார். குழுவை நடத்தும் தாமோதரன் சாரிடமிருந்து ஒரே பதில்: "பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கவும்." டீச்சர் தேடிக்கொண்டிருந்தபோதே மீன் போய்விட்டது. செத்த மீனின் படத்தைப் போட்டாரோ இல்லையோ, ஆளாளுக்கு ஓடி வந்து உபதேசம் செய்தார்கள். மறுநாள் தொட்டியையே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு டீச்சர் சொன்னார்: "உயிரோட இருக்கும்போது ஒருத்தரும் எட்டிப் பாக்கல, செத்ததும் வந்து கூடிட்டாங்க. அது குரூப்பு இல்ல தம்பி, சொந்தக்காரங்க."

நகை

நூம்பலிலிருந்து வரும் மணி ஆட்டோ ஓட்டுபவர். பழைய ஃபிரிட்ஜை மொட்டை மாடியில் படுக்க வைத்து, தண்ணீர் நிரப்பி, கப்பி மீன் வளர்த்தார். கப்பி சின்ன மீன், சுலபமாகப் பெருகும்; கொசுப்புழுவைத் தின்னும் என்று கிணற்றிலும் குட்டையிலும் விடுவார்கள். ஆசையாக போனில் படம் காட்டியவரிடம் தாமோதரன் சார், "கொசுவுக்கு விடறதெல்லாம் மீனா?" என்றார். பெஞ்சே சிரித்தது. மணி போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "அண்ணாத்தே, நான் வளக்கறதுதான் மீனு. நீ வெச்சிக்கினு கீறது நகை. பூட்டி வெச்சி, ஊட்டுக்கு வர்றவங்களுக்குக் காட்டிக்கினு கீற."

அன்றே பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டிருக்கலாம். ஆனால் கூட்டம் குறைந்த பிறகு, டிஸ்கஸ் தன் உடம்பிலிருந்தே குஞ்சுகளுக்கு ஊட்டுவதைத் தாமோதரன் சார் சொல்லிக் கேட்கவேண்டும். டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது.

கேட்காத உதவி

ஒரு மழைக்காலத்தில் பருத்திப்பட்டில் கரண்ட் போய், வர நாளாகிவிட்டது. தாமோதரன் சார் வீட்டில் காற்று மோட்டார் நின்று, டிஸ்கஸ் அத்தனையும் போய்விட்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கடையில் பேட்டரியில் ஓடும் மோட்டார் சும்மா கிடந்தது. குழுவில் ஒரு வரி போட்டிருந்தால் நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். ஏன் சார் கேட்கவில்லை என்றேன். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "கேட்டா, பழைய பதிவத் தேடிப் பாருன்னு எனக்கே சொல்லுவானுங்கப்பா."

இரண்டு ஜோடி

சில வாரம் கழித்து, சகாக்கள் யாரும் வராத ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இரண்டு ஜோடி கப்பி கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "தொட்டிய எத்தினி வாரம் ஓட விட்டீங்க, சார்?" என்றேன். முதலில் முறைத்தார். அப்புறம் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் கேக்கும்போது நல்லாத்தான்பா இருந்துச்சு."

பிறகு அவர் தன் மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார், சகாக்களும் கலைந்துவிட்டார்கள். இப்போது புதியவர்களை விரட்ட ஆளில்லாமல் வியாபாரம் அமோகமாக நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.