கோழிக்கூட்டின் கூரையில் மனேச்சர்

எங்கள் கோழிக்கூட்டுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகைதான் கூரை. அச்சடித்த பக்கம் உள்ளே. பொழுதுபடக் கதவைச் சாத்தக் குனிந்தால், கழுத்துப்பட்டி கட்டிய எங்கள் மனேச்சர் மேலேயிருந்து சிரிப்பார். படத்தின் கீழே கொட்டை எழுத்தில் 'ஓய்வறியா உழைப்பாளி'. அந்த வரி என் கைவண்ணம்.

கிளிநொச்சியில் உழவு இயந்திரம் விற்கும் கடையொன்றில் அவர் மனேச்சர், நான் விற்பனையாளன். விடியமுன்னரே கைபேசியில் செய்தி வரும்: "எழும்பியாச்சோ சம்பியன்மாரே?" சம்பியன்களில் ஒருவன் அப்போது குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். கண்டாவளையில் வெள்ளம் வயலை மூடிக் கிடந்த மாரியிலும், "தண்ணி வத்தினவுடன ஆருக்கு மெசின் தேவை? யோசியும்" என்று என்னை அனுப்பினார். கட்டிலுக்கு மேல் நெல்மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம், முழங்கால் தண்ணீரில் நின்று விளம்பரத்தை நீட்டினேன். "தம்பி, இது மிதக்குமோ?" என்று கேட்டார் அவர்.

அப்படியும் எனக்கு மனேச்சரின் கதிரையில்தான் கண். அவர் வெளியே போனால் அதில் ஏறி இருந்து பார்ப்பேன். அளவு சரியாகத்தான் இருந்தது. ஒருநாள் அவர் நெஞ்சைத் தடவியபடி, "நோகுது. மாதமுடிவு போகட்டும், டொக்டரிட்டைப் போவம்" என்றார். மாதம் முடியமுன் அவர் முடிந்துபோனார்.

செத்தவீட்டு வாசலில் பதாகையைக் கட்டினேன். அவருடைய மனைவி வந்து நெடுநேரம் பார்த்தா.

"ஆர் தம்பி இதை எழுதினது?"

"நான்தான் அக்கா."

"படத்தில நல்லாச் சிரிக்கிறார். வீட்டை வந்து இப்பிடி ஒருநாளும் சிரிக்கேல்லை."

அந்த நேரம் அவா கையிலிருந்த மனேச்சரின் கைபேசி அடித்தது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினா. "உங்கட ஆக்கள். நீங்களே கதையுங்கோ."

தலைமை அலுவலகம். அனுதாபம் சொன்ன அதே மூச்சில், "பொடி எத்தினை மணிக்கு எடுக்கிறியள்? பின்னேரம் கடையைத் திறக்கலாமோ?" என்று கேட்டார்கள். பிறகு குரலைத் தணித்து, "அந்த இடத்துக்கு உம்மைத்தான் யோசிச்சிருக்கிறம்" என்றார்கள். சவப்பெட்டியை இன்னும் மூடவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

"எனக்கு வேண்டாம் சேர். கடை இண்டைக்குத் திறக்காது" என்றேன். வாழ்க்கையில் நான் பகிடி விடாமல் சொன்ன ஒரே வசனம் அது. மறுமுனையில் சிரித்தார்கள்.

கடை முகப்பிலும் அதே பதாகை தொங்கியது. புது மனேச்சருக்கு வாழ்த்துப் பதாகை கட்டவென்று அதைக் கழற்றிக் குப்பையோடு போட்டார்கள். நான் சுருட்டி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

இன்றும் நான் விற்பனையாளன்தான். விடியற்காலைச் செய்தியும் நிற்கவில்லை, அனுப்புகிற ஆள்தான் வேறு. "மருமகன் இன்னும் அதே இடத்திலதானோ?" என்று மாமி நல்லநாள் பெருநாளில் சபையில் வைத்துக் கேட்பா. "ஓம் மாமி, அஞ்சு மணிக்குப் பிறகு கோழிக்கூட்டடியில" என்பேன். அவா சிரிப்பதில்லை.

கோழிகள் இருட்டமுன்னரே படுத்துவிடும். எந்த மழைக்கும் உள்ளே ஒரு துளி விழாது. மேலே மனேச்சர் சிரித்தபடி விறைத்து நிற்கிறார். செத்த பிறகும் மனிசனை வேலைக்கு வைத்திருக்கிறேன்.