காம்ப்ளெக்‌ஷன் என்ற கட்டம்

அண்ணாமலை நகரில் கல்யாண பயோடேட்டா அடித்துத் தரும் கடை ஒன்றில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நல்ல கறுப்பு, பெரிய பொட்டு, ஆங்கிலத்தில் எம்.ஏ. 'காம்ப்ளெக்‌ஷன்' என்ற கட்டம் வந்தால் மட்டும் தட்டச்சை நிறுத்திவிடுவார்.

தங்கைக்காகப் போயிருந்தேன். அவள் என்னைவிடக் கறுப்பு. "மாநிறம்னு போடுங்க" என்றேன்.

"நெறத்துக்குதான் போட்டோ இருக்கே சார். காம்ப்ளெக்ஷன்ங்கற இந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு மொதல்ல கொணம்னுதான் அர்த்தம். நம்ம வாதம், பித்தம் மாதிரி, ஒடம்புல எது ஜாஸ்தியோ அதுக்கேத்த கொணம். அது மொகத்துல தெரியும்னு அந்தக் காலத்து வெள்ளக்காரங்க நம்புனாங்க. அப்புறம் கொணத்த விட்டுட்டு மொகத்தப் புடிச்சிக்கிட்டாங்க. நான் பழசத்தான் அடிப்பேன். கோவம் வந்தா ஒங்க தங்கச்சி என்ன பண்ணுவாங்க?"

ஒரே வீட்டில் வளர்ந்தவன்; எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே தங்கைக்குப் போன் செய்து கேட்டேன்.

"யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேண்ணா. இருக்குற பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்ப்பேன். எதுக்குக் கேக்குற?"

அந்த அம்மா கட்டத்தில் அதை அப்படியே ஆங்கிலத்தில் அடித்தார். "மாநிறமும் சேக்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எப்போதும் பளபளவென்று இருக்கும்.