மரகதத்தின் மனு

எம்.எல்.ஏ. வேலையில் ஊரே நமக்குச் சொந்தம்; வீடு மட்டும் கொஞ்சம் தூரத்துச் சொந்தம். பிழைப்புக்காக வெளியூரில் கிடக்கும் அன்பர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சிதான். நான் அறந்தாங்கிப் பக்கத்து விவசாயி. இரண்டு தடவை ஜெயித்துப் பத்து வருஷம் சட்டசபையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜெயித்த மறுநாள்

விடிந்ததிலிருந்து மாலையும் கையுமாக வீடு நிறையக் கூட்டம். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அதுவரை நானும் என் மனைவி மரகதமும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கவே கட்டிய மாதிரி இருந்த வீடு அது. அன்று அடுப்படிக்குள் நுழைந்து அவளிடம் ஒரு வார்த்தை பேச வாயெடுத்தேன். அண்டாவில் காப்பி கலந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "வந்தவங்களப் போய்க் கவனிங்க. நம்ம பேச்சு எங்கிட்டுப் போயிரப் போகுது?"

காலிப் பாட்டில்

சென்னை ஹாஸ்டல் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரகதம் இடித்துக் கொடுக்கும் பருப்புப் பொடி இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. சபைக் கூட்டம் நீண்டுகொண்டே போக, பொடி தீர்ந்துபோனது. தினமும் சபைக்குக் கிளம்புமுன் காலிப் பாட்டிலைத் திறந்து வாசம் பிடித்துவிட்டு மூடிவைப்பேன். பக்கத்து அறை எதிர்க்கட்சிக்காரர் இதைப் பார்த்துவிட்டார். "ஊருக்குப் போகணும்னா சொல்லுங்க, நாங்க வெளிநடப்புப் பண்ணும்போது நீங்களும் கூடவே வந்துருங்க."

மீமிசல் ரோடு

படகுக்காரர் காசிம் பாய் ரோடு கேட்டு மனுக் கொடுத்தார். இடத்தைப் பார்க்க மீமிசலுக்குப் போனேன். ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊர் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்து முழுக்குப் போடுவது அந்தக் கடலில்தான். மரகதம் மட்டும் கடலையே பார்த்ததில்லை. போனால் என்னோடுதான் என்று பிடிவாதம். எனக்கோ ஆடியில்தான் ஏதாவது கூட்டம் வந்து தொலையும். இதைப் பாயிடம் சொல்லி, ரோடு வந்ததும் ஜீப்பில் கூட்டி வருவதாகச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "ரோடு வாரப்ப வரட்டுங்க. மொதல்ல அம்மாவுக்குக் கடலக் காட்டுங்க."

நாலாக மடித்த தாள்

ஜீப்பில் ஏறும்போது கையில் திணிக்கிற மனுக்களைப் படிக்க நேரம் ஏது? ஓரத்தில் 'ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கட்டாகத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிவிடுவேன். ஒரு வருஷம் ஆவணி பிறந்ததும் அந்த ஆபீஸ் ஹெட்கிளார்க் வீட்டுக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். மரகதத்தின் எழுத்து. "வர்ற ஆடி அமாவாசைக்கு ஒங்களோட மீமிசல் போகணும். வீட்டுல பேச முடியல, அதான் எழுதுறேன்." ஓரத்தில் என் கையெழுத்து, கீழே ஆபீஸ் முத்திரை.

கூட்டத்துக்குள் கையை நீட்டி அவளும் கொடுத்திருக்கிறாள். நான் முகத்தைப் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன். அமாவாசையும் போய்விட்டது. வெட்கத்தில் தாளைப் பழையபடி நாலாக மடித்தேன். ஹெட்கிளார்க் மெல்லச் சொன்னார்: "ஐயா, இதுல நடவடிக்கை எடுக்க எங்க ஆபீசுக்கு அதிகாரம் இல்லைங்க."

தோற்ற வருஷம்

அடுத்த ஆடிக்குக் கட்டாயம் போவோம் என்று அவளிடம் சத்தியம் செய்தேன். அதற்குள் மாசியில் தேர்தல் வந்தது, தோற்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். வீடு காலியானது, பழையபடி பேச ஆரம்பித்தோம். சித்திரையில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

ஆடி அமாவாசைக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். புது ரோடு நன்றாகத்தான் இருந்தது. கடலில் முங்கி, மரகதத்துக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். அவளிடம் பேசாமல் விட்ட பேச்செல்லாம் நினைவுக்கு வர, ஈர வேட்டியோடு கரையில் நின்று அழுதேன். காசிம் பாய்க்கு விஷயம் தெரியாது. என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். "வாங்கய்யா. அம்மா எங்க, கடலப் பாத்தாங்களா?"

பத்து வருஷம் ஊரார் மனுவுக்கெல்லாம் ஆவன செய்யச் சொல்லி எழுதிய நான், நானே ஆவன செய்திருக்க வேண்டிய ஒரே மனுவைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிவைத்தேன்.